மிஷ்டிக்குச் சினையா, தொப்பையா

கிடர்பூர், கொல்கத்தா
3 ஜூன் 2025

மதிப்புக்குரிய அண்ணன் வேலாயுதம் அவர்களுக்கு,

தங்கை சுப்பம்மாள் எழுதுவது. நானும் என் இட்லிக்கடையும் சுகமாகவே இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, கொட்டகையில் இப்போது எத்தனை ஆடு, அந்தத் தொங்குகாது வெள்ளை ஆடு குட்டி போட்டதா என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் வருஷத் தெவசம் முடிந்த அன்று சாயங்காலம் போன் செய்தீர்கள். ஆறுதலாக நாலு வார்த்தை வரும் என்று காதைக் கொடுத்தேன். "கடைய வித்துட்டு ஊரு வந்து சேரு, ஒத்தப் பொம்பளைக்குக் கல்கத்தாவுல என்ன வேலை" என்று ஆரம்பித்தீர்கள். பேச்சை மாற்றலாமே என்று மிஷ்டி சினையாக இருக்கிறாள் என்றேன். சிரித்தீர்கள். "ஆட்டுக்குச் சினையா தொப்பையான்னு பாக்கத் தெரியாதவ, நீ கடை நடத்திக் கிழிச்ச" என்றீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்பிறகு நீங்கள் வைத்த பந்தயம் இது. மிஷ்டி குட்டி போட்டால், கடையை மூடு என்று இனி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டீர்கள். வெறும் தொப்பை என்றால் நான் கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். நான் சரி என்றேன். இப்போதும் சரி என்கிறேன். நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது என்பதற்காகத்தான் எழுத்தில் போடுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் சொல்லுங்கள். போனில் உங்கள் குரல் எனக்கு வேண்டாம்.

மிஷ்டி யார் என்றும் எழுதிவிடுகிறேன். பின்வீட்டு மஹிமா தீதி, மகளோடு இருக்க மேதினிபூர் போனபோது என்னிடம் விட்டுப்போன கறுப்பு ஆடு. இந்த ஊர் ஆடு, முழங்கால் உயரம்தான். இங்கே இனிப்புக்கு மிஷ்டி என்பார்கள். மார்ச் பதினாலு, டோல் பண்டிகை அன்று, தெருவே கலர் பூசிக்கொண்டு திரிந்தபோது லாரி நிற்கும் இடத்துக் கிடாய் இவளைத் துரத்திக்கொண்டு போனதை நானே பார்த்தேன். இப்போது வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக் கிடக்கிறது. சினைதான். சந்தேகமே இல்லை.

தங்கள் தங்கை,
சுப்பம்மாள்


கொன்னைக்குளம்
18 ஜூன் 2025

அன்புத் தங்கை சுப்பம்மாளுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், அடுப்படி வெக்கையில் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை "நீ, வா, போ" என்றவள், கோபம் வந்ததும் "நீங்கள், உங்கள்" என்று எழுதுகிறாய். இருக்கட்டும். பந்தயம் உறுதி. இதோ என் கையெழுத்து.

கிடாய் துரத்தியதைப் பார்த்தாய், சரி. சேர்ந்ததைப் பார்த்தாயா? முப்பத்தொரு வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன் கேட்கிறேன். உன்னைப் போல வயிற்றைப் பார்த்தே சினை என்று கூட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தினம் நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் திரும்பப் போகும்போது பூச்சி மருந்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மூன்று விஷயம் எழுது. வயிறு எந்தப் பக்கம் அதிகம் புடைத்திருக்கிறது? ஆட்டுக்கு இரைப்பை இடப்பக்கம், குட்டி வளர்வது வலப்பக்கம். அடுத்தது, டோலுக்குப் பிறகு பருவத்துக்கு வந்ததா? சினை இல்லாத ஆடு இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை வாலை ஆட்டிக்கொண்டு ஓயாமல் கத்தும். கடைசியாக, தீனி என்ன கொடுக்கிறாய்?

பந்தயத்தில் ஒரு சட்டம். டாக்டரிடம் கொண்டுபோகக் கூடாது, ஸ்கேன் கூடாது. கண்ணும் கையும்தான். மிஷின் சொல்வதை எழுத உன் கடிதம் எனக்கு எதற்கு?

அன்புடன்,
வேலாயுதம்


கிடர்பூர்
27 ஜூன் 2025

அண்ணன் அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் நலம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், ஆடுகளைப் பற்றி மூச்சே இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதவும்.

சேர்ந்ததைப் பார்த்தாயா என்கிறீர்கள். எனக்கு அன்று நாற்பது பேருக்கு இட்லி ஊற்றுகிற வேலை இருந்தது. ஆட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நேரமில்லை.

டோலுக்குப் பிறகு வாலும் ஆட்டவில்லை, கத்தவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு தின்பதும் படுப்பதுமாக இருக்கிறாள். வயிறு இடமும் பெருசு, வலமும் பெருசு, இடம் ஒரு பிடி கூடுதல்.

தீனிக்கு என்ன குறை? இங்கே பலா இலையைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், தினம் ஒரு கட்டு. உளுந்து ஊறவைத்துக் கழுவிய தோல் ஒரு கூடை. காலையில் மிஞ்சின மாவு புளித்துப்போனால் அதையும் தூரக் கொட்ட மனசில்லாமல் இவளுக்குத்தான் வைக்கிறேன். வாளியை நக்கி வைத்துவிடுவாள்.

கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள் சினை என்கிறார். கஸ்டம்ஸ் குமாஸ்தா சட்னியைத் தொட்டுக்கொண்டே தொப்பை என்கிறார். அவருக்கு நேற்றிலிருந்து இரண்டாம் சட்னி கிடையாது.

தங்கை,
சுப்பம்மாள்


கொன்னைக்குளம்
12 ஜூலை 2025

சுப்பம்மாளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் அந்த மாவு வாளியைத் தூக்கி எறி.

ஆட்டுக்குப் புளித்த மாவு வைக்கிறவளை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. இட்லிக்கடைக்காரிக்குத்தான் இந்தப் புத்தி வரும். மாவு உள்ளே போய் இன்னும் புளிக்கும், காற்றுக் கட்டும், இடப்பக்கம் மத்தளமாக உப்பும். ஒருநாள் காலையில் நாலு காலையும் நீட்டிவிட்டுக் கிடக்கும். உனக்கு அது சினையாகத் தெரிகிறது. அது மாவுத் தொப்பை. நான் அன்று சிரித்தது சரிதான்.

மாவை அடியோடு நிறுத்து. உளுந்தந்தோல் ஒரு கைப்பிடி போதும். பலா இலையும் காய்ந்த புல்லும் கொடு. ஒரு கயிறு எடுத்து, தினம் விடிந்ததும் தீனி வைக்குமுன் வயிற்றைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வை. பத்து நாளில் முடிச்சு உள்ளே வந்துவிடும், நீயே பார்ப்பாய்.

இன்னொரு சோதனையும் உண்டு. வெறும் வயிற்றில், மடிக்கு முன்னால், வலப்பக்கம் கீழே இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து லேசாகத் தூக்கி விடு. குட்டி இருந்தால் கெட்டியாக ஒன்று வந்து கையில் முட்டும்.

வீட்டில் கிழக்கு அறை உனக்குத்தான். காலை வெயில் நன்றாக வரும்.

அண்ணன்,
வேலாயுதம்


கிடர்பூர்
26 ஜூலை 2025

அண்ணன் அவர்களுக்கு,

மழையில் துணி காயாமல் கிடக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

மாவு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது. இரண்டு நாள் வாளிக்கு முன்னால் நின்று என்னை முறைத்தாள், பிறகு பலா இலைக்கே திரும்பிவிட்டாள். இடப்பக்கம் தொய்ந்து இறங்கிவிட்டது.

இப்போது என் பக்கம் கேளுங்கள். இடப்பக்கம் இறங்கியும் வலப்பக்கம் இறங்கவில்லை! கயிற்றில் முதல் நாலு நாள் முடிச்சு உள்ளே வந்தது, அப்புறம் மெல்ல வெளியே போகிறது. மாவுத் தொப்பை என்றால் மாவு நின்றபின் யார் வந்து உள்ளே உட்கார்ந்து வளர்கிறார்கள்? மடியும் லேசாகத் தடித்திருக்கிறது. இருபத்தொரு நாள் ஆறு முறை வந்துபோய்விட்டது, ஒருமுறைகூடக் கத்தவில்லை.

கை வைத்தும் பார்த்தேன். கெட்டியாக எதுவும் முட்டவில்லை. ஆனால் உள்ளே தளும்புகிறது. குடத்தைத் தூக்கி ஆட்டினால் தண்ணீர் அலையுமே, அப்படி. குட்டி இன்னும் சின்னது, நீந்துகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று உடனே எழுதவும்.

கஸ்டம்ஸ் குமாஸ்தா கட்சி மாறிவிட்டார். சட்னி திரும்பக் கிடைக்கிறது.

உங்கள் கொட்டகையில் எத்தனை ஆடு என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

தங்கை,
சுப்பம்மாள்


கொன்னைக்குளம்
20 ஆகஸ்ட் 2025

சுப்பம்மாளுக்கு,

உன் கடிதம் தாமதமாகக் கைக்கு வந்தது. நலம்.

மார்ச் பதினாலிலிருந்து நூற்றைம்பது நாள் எண்ணினால் ஆகஸ்ட் பத்து அல்லது பதினொன்று. ஆடு அதற்கு மேல் ஐந்து நாள் தாங்கும். இன்றைக்குத் தேதி இருபது. குட்டி எங்கே?

தீபாவளிக்குள் கடையை வாங்க ஆள் பார். ஊருக்கு வர உனக்கு அப்படி என்ன கசக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மழையில் நனையாதே.

வேலாயுதம்


கிடர்பூர்
2 செப்டம்பர் 2025

அண்ணன் அவர்களுக்கு,

நான் நலம். மிஷ்டியும் பிழைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி, மத்தியானம், கடையில் எலுமிச்சைச் சாதத்துக்குக் கூட்டம் நிற்கிறது. பின்முற்றத்தில் மிஷ்டி முக்குகிற சத்தம் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிரேன் ஓட்டுகிறவர் "ஓகோ மாஷி, பாச்சா ஆஷ்ச்சே" என்று குட்டி வரப்போவதைத் தெருவுக்கே அறிவித்துக்கொண்டு பின்னால் வந்தார். கிழிந்த சேலையை விரித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது தண்ணீர். ஒரு வாளித் தண்ணீர், முற்றத்துக் கல்லெல்லாம் ஓடி சாக்கடைக்குப் போனது. அவ்வளவுதான். குட்டியும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. நான் கண்மூடித் திறப்பதற்குள் அந்த வயிறு காலிச் சாக்காகத் தொங்கிவிட்டது. மிஷ்டி திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்து, மெதுவாகக் கூப்பிட்டாள். எதைக் கூப்பிட்டாளோ. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நாற்பது பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பந்தயம் முடிந்துவிட்டதால் டாக்டரிடம் கொண்டுபோனேன். பொய்ச்சினை என்றார். குட்டி இல்லாமலே கர்ப்பப்பையில் தண்ணீர் கோத்துக்கொள்ளுமாம், ஆட்டின் உடம்பும் அதைக் குட்டி என்றே நம்பிப் பருவத்துக்கு வராமல் இருக்குமாம். மிஷ்டி யாரையும் ஏமாற்றவில்லை. அவளும் நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாளே கறிக்கடைக்காரர் வந்து நின்றார். மலட்டு ஆடு, தீனிக்குத் தண்டம், கொடுத்துவிடு என்றார். தண்டமா இல்லையா என்று தீனி போடுகிற நான் சொல்கிறேன், நீங்கள் போகலாம் என்றேன். இரண்டாம் தடவையும் வந்தார். இரண்டாம் தடவையும் போனார்.

ஒன்று சொல்கிறேன். இங்கே சந்தையில் ஒரு பச்சைக்குட்டியை வாங்கி மிஷ்டி பக்கத்தில் விட்டுப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப எனக்கு அரை நாள் ஆகாது. மஹிமா தீதியே போனில் அந்த யோசனையைச் சொன்னாள். நான் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். நீங்கள் மாவுத் தொப்பை என்றீர்கள், மாவு இல்லை. நான் சினை என்றேன், சினையும் இல்லை. இரண்டு பேரும் தோற்றோம்.

இந்தத் தடவை யோசித்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. ஆட்டைத் தப்பாகப் பார்த்தது என் தப்பு இல்லை. என் கடையைக் கொண்டுபோய் ஆட்டு வயிற்றில் வைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. அவரும் நானும் ஒரு ஸ்டவ், ஒரு குண்டானோடு ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு பதினாறாம் நாள் நான் ஒருத்தியாகத் திறந்த கடை. மிஷ்டி ஒன்பது குட்டி போட்டாலும் அது என்னுடையதுதான், ஒன்றும் போடாவிட்டாலும் என்னுடையதுதான். அதைப் பந்தயத்தில் வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

நான் வரமாட்டேன்.

சுப்பம்மாள்


கொன்னைக்குளம்
14 செப்டம்பர் 2025

சுப்பம்மாளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆட்டுக்கு வெல்லத் தண்ணீர் கொடு.

எழுத்தில் வேண்டும் என்று கேட்டவள் நீ. உன் ஜூன் மாதக் கடிதம் என் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது. "மிஷ்டி குட்டி போட்டால்" என்று எழுதியிருக்கிறாய். குட்டி போடவில்லை. பந்தயம் என்றால் பந்தயம்தான்.

கிழக்கு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்பு. நீ வந்தால் நன்றாக இருக்கும்.

வேலாயுதம்


கிடர்பூர்
6 அக்டோபர் 2025

அண்ணே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். நீ "நலம்" என்று எழுதுவாய், எனக்கு ஆத்திரம் வரும்.

நம் கடையில் சாப்பிடுகிற ஏழுமலை, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், மானாமதுரைக்காரர். பூஜை லீவுக்கு ஊருக்குப் போனார். உனக்கு ஒரு டப்பா சந்தேஷ் கொடுத்து, அப்படியே கொன்னைக்குளம் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சண்டை வேறு, இனிப்பு வேறு.

வீடு பூட்டிக் கிடக்கிறதாம். வாசலில் முழங்கால் உயரம் புல். கிழக்கு அறை ஜன்னலில் குளவி கூடு கட்டியிருக்கிறதாம். வெள்ளையடித்து வைத்த அறை! கொட்டகையில் தகரமும் இல்லை, ஆடும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான், என் கடிதம் வந்தால் மேலே மதுரை விலாசம் எழுதித் திரும்பத் தபாலில் போடுகிறாராம். ஏழுமலை அந்தச் சந்தேஷை அவருக்கே கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அதன்பிறகுதான் உன் உறைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கொன்னைக்குளம் என்று எழுதியிருக்கிறாய், மேலே நாலு உறையிலும் மதுரை முத்திரை. நான் ஒருநாளும் பார்க்கவில்லை. ஆட்டு வயிற்றைத் தினம் கயிறு வைத்து அளந்தவளுக்கு இது தெரியவில்லை.

உன் மகன் சாய் கிருஷ்ணாவுக்குப் போன் போட்டேன். அத்தையிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று இழுத்தான். நான் போட்ட சத்தத்தில் சொல்லிவிட்டான். போன ஐப்பசி மழையில் கொட்டகையில் வழுக்கி விழுந்து நீ இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டது, மூன்றாம் மாடி வீட்டில் அவனோடு இருப்பது, பதினோரு ஆட்டையும் ஒரே நாளில் வியாபாரி ஏற்றிக்கொண்டு போனது, எல்லாம். ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. உன் கூடப் பிறந்தவள்தானே நான்?

அண்ணே, எந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டாய்? குளவி கட்டின அறைக்கா? நான் வந்தால் அந்த வீட்டைத் திறக்கலாம், தங்கைக்குத் துணை என்று சாக்குச் சொல்லி நீயும் மாடியை விட்டு இறங்கலாம். அதுதானே உன் திட்டம்? உன் வீட்டைத் திறக்க என் கடையை மூடணுமா?

மூடமாட்டேன். அதற்குப் பதில் நீ இங்கே வா. கடைக்குப் பின்னால் தரையோடு ஒரு அறை இருக்கிறது, ஒரு படிகூடக் கிடையாது. ஆனால் சும்மா உட்கார வைத்துச் சோறு போடமாட்டேன், சொல்லிவிட்டேன். தினம் பதினைந்து தேங்காய் துருவ ஆள் வேண்டும்.

மிஷ்டி மறுபடி பருவத்துக்கு வந்தாள். தெருவே எழுந்துவிடும்படி கத்தினாள். செப்டம்பர் இருபத்தொன்று, மஹாளயத்தன்று காலையில் கிடாயிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை சேர்ந்ததைப் பார்த்தேன். பூஜைக்கு வந்திருந்த மஹிமா தீதியும் பக்கத்தில் இருந்தாள், இரண்டு சாட்சி. தேதியைக் காலண்டரில் குறித்து வை.

சுப்பு


மதுரை, அண்ணா நகர், மூன்றாம் மாடி
24 அக்டோபர் 2025

சுப்பு,

நான் நலமாக இல்லை. முதல்முறையாக உண்மையை எழுதுகிறேன். இடுப்பு சேர்ந்துவிட்டது, தடி ஊன்றி நடக்கிறேன். படி இறங்க இரண்டு பேர் வேண்டும். சாய் கிருஷ்ணாவும் மருமகள் சத்யப்ரியாவும் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள், அவர்கள் மேல் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை எனக்கு ஜன்னல்தான். கீழே ஒரு நாய் படுத்திருக்கும். அதற்கு என்ன வியாதி என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. நீ வந்தால் வீட்டைத் திறக்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. உனக்காகக் கூப்பிடுவதாகச் சொன்னேன். கேவலமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நீ என்னைத் திட்டலாம். ஜூலையில் "உள்ளே தளும்புகிறது, முட்டவில்லை" என்று எழுதினாய் பார், அதைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய்ச்சினையை முப்பது நாற்பது தடவை இந்தக் கையால் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டால் சரியாகிவிடும், மிஷ்டி இன்னொரு மாதம் அதைச் சுமந்திருக்க வேண்டாம். ஒரு வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சொன்னால் பந்தயம் அன்றோடு முடிந்துவிடும், நீயும் எழுத மாட்டாய். ஆடெல்லாம் போன பிறகு எனக்கு மிஞ்சியிருந்தது உன் கடிதத்தில் வருகிற ஒரு ஆடுதான். அதனால் குட்டி எங்கே என்று திமிராக எழுதிப் போட்டேன். வாயில்லாத ஜீவனுக்குக் கம்பவுண்டர் செய்கிற காரியமா அது? என்னை மன்னித்துவிடு.

ஆனால் தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நான் வரமாட்டேன். அதில் மாற்றம் இல்லை.

ஆட்டு விஷயம் வேறு. மஹாளயத்திலிருந்து டிசம்பர் இருபதோடு தொண்ணூறு நாள். அதற்குமேல் கை வைத்தால் தெரியும். முட்டுகிறதா தளும்புகிறதா என்று உனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அது நிரூபணம் ஆகிவிட்டது. ஆகவே நானே வந்து பார்க்கிறேன். சாய் கிருஷ்ணா சென்னையில் ரயில் ஏற்றிவிடுகிறான், டிசம்பர் இருபத்திரண்டு ஹவுரா. திரும்புவதற்கு இருபத்தேழுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. சினை என்றால் அதை ரத்து செய்துவிட்டுக் குட்டி போடும் வரை இருக்கிறேன். இல்லை என்றால் இருபத்தேழாம் தேதி கிளம்பிவிடுவேன். இதுதான் பேச்சு.

அண்ணன்


கிடர்பூர்
4 நவம்பர் 2025

அண்ணே,

மிஷ்டியும் நானும் உன் கடிதத்தைப் பின்முற்றத்தில் உட்கார்ந்து படித்தோம். அவள் ஒரு ஓரத்தைத் தின்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்டிருந்த ஓரம். அதனால் அது கணக்கில் இல்லை. ஜூலையிலேயே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு நேரில் உனக்கு இருக்கிறது.

முதலில் என்னை ஆட்டு வயிற்றில் வைத்தாய். இப்போது உன்னையே கொண்டுபோய் அங்கே வைக்கிறாய். உனக்குப் புத்தியே வராதா? எனக்கு வேண்டாம் என்று நான் கிழித்துப் போட்ட சட்டம் உனக்கும் வேண்டாம். அவள் வயிற்றில் குட்டி இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், நேற்று தின்ற பலா இலை மட்டும் இருக்கலாம். கறிக்கடைக்காரருக்குச் சொன்ன பதில்தான் உனக்கும். இந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று வயிற்றைத் தடவிப் பார்த்து முடிவு செய்வது கிடையாது.

போன் தடையை எடுத்துவிட்டேன். ரயில் ஏறியதும் கூப்பிடு. ஹவுராவுக்கு ஏழுமலையும் நானும் வருகிறோம், நீ தடியை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு இறங்கு. இங்கே டிசம்பரில் குளிரும், கம்பளிக் குல்லாய் வாங்கி வைத்திருக்கிறேன். பின்னறையில் கட்டில் போட்டாயிற்று. தேங்காய்த் துருவியும் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று, உட்கார்ந்து துருவ மேஜையில் மாட்டுகிற வகை.

வந்ததும் மிஷ்டி வயிற்றில் கை வைத்துப் பார். என்ன தெரிகிறதோ சொல். ஆனால் அதற்கு முன்னால், இன்றைக்கே, அந்த இருபத்தேழாம் தேதி டிக்கெட்டை ரத்து பண்ணு.

உன் தங்கை,
சுப்பு